எல்லாரும் வந்தாச்சா?

   

களத்தில் ஒரு வீரனைப் பின்வாங்காமல் நிற்க வைப்பது நாட்டுப்பற்றா, கட்டுப்பாடா, தோழமையா? இதுதான் இன்றைக்குத் தலைப்பு. நாட்டுப்பற்று அணியிலே சகோதரி ரொம்ப அழகாப் பேசிட்டுப் போயிட்டாங்க. தேசியக்கொடியைப் பற்றி அவங்க சொன்னப்போ எனக்கே கண் கலங்கிடுச்சு. அடுத்து வந்தவர் கட்டுப்பாடு அணி. ஐயா முப்பது வருஷம் ஹெட்மாஸ்டர். அவர் பேச எழுந்ததுமே நம்ம நடுவர் நிமிர்ந்து உட்கார்ந்துட்டார், பார்த்தீங்களா? (சிரிப்பு)

நடுவர்: பழைய பயம்யா. போகாது. (பலத்த சிரிப்பு)

நான் தோழமை அணி. நாட்டுப்பற்று வேண்டாம்னு சொல்ல நான் வரலை. பட்டாளத்துக்கு அனுப்பி வைக்கிறது நாட்டுப்பற்றுதான். அங்கே போனதும் நேராக நிற்கச் சொல்லித் தருவது கட்டுப்பாடுதான். ஆனா குண்டு வர்ற நேரத்தில் ஓடாமல் நிற்க வைக்கிறது பக்கத்தில் படுத்திருக்கிறவன். இவ்வளவுதான் என் கட்சி.

இதைச் சும்மா வாயால் சொன்னால் ஹெட்மாஸ்டர் விடமாட்டார். சான்று கேட்பார். அதனால ஒரே ஒரு ரெஜிமெண்ட்டை எடுத்துக்கிறேன். குமாவோன் ரெஜிமெண்ட். தலைமையகம் இமயமலை அடிவாரத்து ராணிகேத். நம்ம வெல்லிங்டனில் மதராஸ் ரெஜிமெண்ட் இருக்கிறதே, அந்த மாதிரி. ஆனா இதோட வேர் மலையில் இல்லை, ஹைதராபாத் நிஜாமின் படையில் இருக்கு. 19-ஆம் ஹைதராபாத் ரெஜிமெண்ட் என்றுதான் ரொம்ப நாள் பெயர். 1945 அக்டோபர் 27-ஆம் தேதிதான் குமாவோன் ரெஜிமெண்ட் என்று மாற்றினார்கள். இரண்டாம் உலகப் போரில் இதே படையின் ஒரு பட்டாலியன் மலேயாவில் இருந்தது. 1942 ஜனவரி 7-ஆம் தேதி ஸ்லிம் ஆற்றுப் பக்கம் ஜப்பான்காரனின் டாங்கிகள் ராத்திரியோடு ராத்திரியாக அவர்கள் மேலே ஏறி வந்தன. அங்கே பட்ட அடி சாதாரண அடி இல்லை. அதே ரெஜிமெண்ட்டின் இன்னொரு பட்டாலியன் பர்மா அரக்கான் காட்டில் ஜெயித்தது. தோற்றதும் உண்டு, ஜெயித்ததும் உண்டு. ஜெயித்த கதையை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்ற நான் வரவில்லை.

அந்த அரக்கான் காட்டில் ஓர் இளம் அதிகாரி. பெயர் சோம்நாத் சர்மா. அவருக்குப் பணிவிடை செய்கிற ஆர்டர்லி பெயர் பகதூர். சண்டையில் பகதூருக்கு அடிபட்டு நடக்க முடியவில்லை. சர்மா அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். சுமையோடு நடந்தால் பின்தங்கத்தானே செய்யும்? பட்டாலியன் தளபதி பார்க்கிறார். யார் தெரியுமா? பின்னாளில் நம்முடைய ராணுவத் தலைமைத் தளபதியாக வந்த திம்மையா. "அவனை விட்டுட்டு நீ சீக்கிரம் வா" என்கிற மாதிரி உத்தரவு போடுகிறார். சர்மா சொன்ன பதில், இவன் என்னுடைய ஆள், ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, நான் விட்டுட்டு வரமாட்டேன். கொண்டுவந்து சேர்த்தார். பகதூர் பிழைத்தார்.

ஹெட்மாஸ்டர் ஐயா, இப்போ சொல்லுங்க. மேலதிகாரி உத்தரவு ஒரு பக்கம். முதுகில் ஒரு மனுஷன் இன்னொரு பக்கம். எது ஜெயிச்சது? (கைதட்டல்) உங்க பள்ளிக்கூடமா இருந்தா பெஞ்ச் மேல ஏத்தியிருப்பீங்க. திம்மையா ஏத்தலை.

அதே சோம்நாத் சர்மா 1947-லே மேஜர். 4-ஆவது குமாவோன் பட்டாலியனில் டி கம்பெனிக்குத் தலைவர். அக்டோபர் 27-ஆம் தேதி நம்முடைய முதல் படை விமானத்தில் ஸ்ரீநகரில் போய் இறங்குகிறது. தேதியைக் கவனிச்சீங்களா? இந்த ரெஜிமெண்ட் பெயர் மாறிய அதே அக்டோபர் 27. நாலு நாள் கழித்து, 31-ஆம் தேதி இவருடைய கம்பெனி போகிறது. அப்போ இவருக்கு இடது கையில் மாவுக்கட்டு. ஹாக்கி ஆடி முறிந்த கை. நம்ம வீடுகளில் மாவுக்கட்டுப் போட்டால் என்ன செய்வோம்? ஆறு வாரம் தலையணைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, "ஏம்மா, அந்த ஃபேனை ஒரு பாயிண்ட் குறை" என்போம். (சிரிப்பு) எங்க வீட்டில் எனக்குச் சுண்டுவிரலில் கட்டுப் போட்டதுக்கு என் மனைவி பட்ட பாட்டை அவங்களே வந்து சொன்னால்தான் நியாயமா இருக்கும்.

அவர் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஏன் போனார்? காஷ்மீருக்குப் போக நாட்டில் வேறு மேஜர் இல்லையா? நாட்டுக்காகத்தான் என்றால் கை சரியான பிறகும் போகலாம், சண்டை ஒரு வருஷத்துக்கு மேலே நடந்தது. "என் கம்பெனி போகுது. நான் இல்லாமல் எப்படிப் போகும்?" அதுதான் அவருக்குப் பிரச்னை.

நவம்பர் 3-ஆம் தேதி, பட்காம் கிராமம். ஸ்ரீநகர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில். அந்த நிலையம் போனால் நமக்கு இறங்க வேறு இடம் இல்லை. எதிரில் சுமார் ஐந்நூறு பேர். மூன்று பக்கமும் சுற்றிக்கொள்கிறார்கள். நம்மவர்கள் ஒருத்தருக்கு ஏழு பேர் என்கிற கணக்கு. சர்மா ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்கு வெட்டவெளியில் ஓடுகிறார். ஆட்கள் குறையக் குறைய மெஷின் கன்னுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுக்க ஆள் இல்லை. ஒற்றைக் கையால் அந்த மாகஸினை எடுத்து, மாவுக்கட்டுக் கையால் அணைத்துக்கொண்டு, தோட்டாவைச் செருகிச் செருகிச் சுடுகிறவனிடம் கொடுக்கிறார். மேஜர் செய்கிற வேலையா அது? புதுசாச் சேர்ந்த சிப்பாய் செய்கிற வேலை. எதிரி ஐம்பது கஜத்தில் வந்துவிட்டான், ஓர் அங்குலம்கூடப் பின்வாங்க மாட்டோம் என்று செய்தி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில், பக்கத்திலிருந்த வெடிமருந்துக் குவியல் மேல் ஒரு மோர்ட்டார் குண்டு விழுந்தது. அவர் போய்விட்டார். ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் பின்னாலிருந்து உதவிப்படை வந்துவிட்டது. விமான நிலையம் தப்பியது.

இந்த நாட்டின் முதல் பரமவீர சக்கரம் அவருக்குத்தான். இங்கே தாய்மார்களுக்கு ஒரு சேதி. அந்தப் பதக்கத்தை வடிவமைத்தது ஒரு பெண்மணி. சாவித்திரி கானோல்கர். பிறப்பால் ஐரோப்பியர், நம்ம ராணுவ அதிகாரி ஒருவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு, சேலை கட்டிக்கொண்டு, வேதமும் புராணமும் படித்தவர். அவருடைய மூத்த மகளைக் கட்டிக்கொண்டது யார் என்றால், சோம்நாத் சர்மாவின் தம்பி. சம்பந்தி வீட்டம்மா வரைந்த பதக்கம் முதன்முதலில் அந்த வீட்டுப் பிள்ளைக்கே போனது. அதை வாங்கிக்கொள்ள பிள்ளைதான் இல்லை.

சகோதரி தலையாட்டுறாங்க. "இதெல்லாம் ஒரு தனிமனிதர் கதை, ஒரு மேஜரை வைத்து ரெஜிமெண்ட்டையே எடைபோடலாமா" என்று எழுதிக் குறிப்பு வைத்திருக்கிறாங்க, இங்கிருந்தே தெரியுது. சரி. ஒரு கம்பெனி முழுக்க எடுத்துக்குவோம்.

1962. அந்த வருஷத்தைச் சொன்னாலே நம்ம நெஞ்சு கொஞ்சம் சுருங்கும். தோற்ற யுத்தம். வடகிழக்கில் வாலோங் என்கிற இடத்தில் இதே ரெஜிமெண்ட்டின் 6-ஆவது பட்டாலியன் நவம்பர் 14-ஆம் தேதி ஏறிப் போய்த் தாக்கியது. எல்லாரும் தற்காத்துக்கொண்டிருந்த நேரத்தில் தாக்கப் போனவர்கள். அதை இன்னொரு நாள் பேசலாம். நான் சொல்ல வந்தது லடாக். ரெசாங் லா. லா என்றால் அந்த ஊர்ப் பேச்சில் கணவாய். சுஷூல் என்கிற ஊருக்குத் தெற்கே இருக்கு. விருதுச் சான்றில் எழுதியிருக்கிற உயரம் சுமார் 17,000 அடி. நம்ம கொடைக்கானல் ஏழாயிரம் அடி. அங்கேயே நமக்கு மப்ளர், மங்கி கேப், கம்பளி, அப்புறம் "எனக்கு இந்தக் குளிர் ஒத்துக்கலைங்க". (சிரிப்பு)

அங்கே நின்றது 13-ஆவது குமாவோன் பட்டாலியனின் சார்லி கம்பெனி. சுமார் 120 பேர். குமாவோன் என்றதும் மலைக்காரர்கள் என்று நினைப்போம். இல்லை. அத்தனை பேரும் ரேவாரி, குர்கான், மகேந்திரகர் பக்கத்து ஆஹிர்கள். இன்றைக்கு ஹரியானா. அன்றைக்கு ஹரியானா என்று ஒரு மாநிலமே கிடையாது, அது 1966-லேதான் வந்தது. சமவெளியில் மாடு மேய்த்து, கோதுமை விதைத்த குடும்பத்துப் பிள்ளைகள். பனியையே வாழ்க்கையில் அதிகம் பார்த்திராதவர்கள். கையில் பழைய .303 துப்பாக்கி. ஒரு குண்டு சுட்டால் போல்ட்டைப் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, அடுத்த குண்டு. விரல் விறைத்துப் போகிற குளிரில் இதைச் செய்யணும். பீரங்கி உதவியும் இல்லை. பின்னால் பீரங்கி இருந்தது, ஆனா நடுவில் ஒரு மலை முகடு மறைத்துக்கொண்டு நின்றது. குண்டு தாண்டி வராது.

நவம்பர் 18. ஞாயிற்றுக்கிழமை. விடியறதுக்கு முன்னாலேயே சீனப்படை ஏறி வருகிறது. முதல் அலையை அடித்து இறக்குகிறார்கள். அடுத்த அலை. அதையும் இறக்குகிறார்கள். அப்புறம் பீரங்கி, மோர்ட்டார், அதற்கு அப்புறம் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஆட்கள். தொலைபேசிக் கம்பி அறுந்துபோச்சு. கம்பெனி தலைவர் மேஜர் ஷைத்தான் சிங். ராஜஸ்தான் ஜோத்பூர்க்காரர், ராஜபுத்திரர். வயசு முப்பத்தேழு. ஒரு பிளாட்டூனிலிருந்து இன்னொரு பிளாட்டூனுக்கு நடந்துகொண்டே இருக்கிறார். கையில் அடி. அதோடும் நடக்கிறார். பிறகு வயிற்றில் அடி. விழுந்துவிட்டார்.

நடுவர் அவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாச் சொல்ல அனுமதிக்கணும். மணியை எடுத்துடாதீங்க.

நடுவர்: எடுக்கலை. சொல்லுங்க.

அவருடைய ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கப் பார்க்கிறார்கள். மெஷின் கன் சுடுகிறது. தூக்கிக்கொண்டு போனால் மூன்று பேரும் சாகவேண்டியதுதான். அப்போ அவர் போட்ட உத்தரவு, "என்னை இங்கேயே விட்டுட்டுப் போங்கடா". பரமவீர சக்கர விருதுச் சான்றிலேயே இது இருக்கு, தன்னுடைய ஆட்களின் உயிரைக் காப்பாற்றுவதற்காகத் தன்னை விட்டுவிட்டுப் போகும்படி உத்தரவிட்டார் என்று.

அரக்கான் காட்டில் மேலதிகாரி "விட்டுட்டு வா" என்றார், கீழே இருக்கிறவர் மாட்டேன் என்றார். ரெசாங் லாவில் அடிபட்டவரே "விட்டுட்டுப் போ" என்கிறார். ரெண்டும் உத்தரவுதான். ஹெட்மாஸ்டர் ஐயா, இந்த ரெண்டாவது உத்தரவு எந்த ராணுவச் சட்டப் புத்தகத்திலிருந்து வந்தது? உங்க கட்டுப்பாட்டிலிருந்தா? தன் பிள்ளைக்குச் சோறு வைத்துவிட்டுத் தனக்குப் பசிக்கலை என்று சொல்கிற அம்மா இருக்கிற இடத்திலிருந்து வந்தது அது. (நீண்ட கைதட்டல்)

மூன்று நாளில் சீனா போர்நிறுத்தம் அறிவித்துவிட்டது. உயிரோடு திரும்பினவர்களை விரல் விட்டு எண்ணலாம். சிலரைச் சீனர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர்கள் நடந்ததைச் சொன்னார்கள். யாரும் நம்பவில்லை! "நூறு பேருக்கு மேலே கடைசிவரைக்கும் நின்னாங்களாம். நீ மட்டும் எப்படிப்பா வந்தே?" இந்தக் கேள்வி இருக்கே, இது குண்டைவிடக் கொடுமை. தோற்ற யுத்தத்தில் வீரம் இருந்தது என்று சொன்னால் யார் காது கொடுப்பார்கள்?

1963 ஆரம்பத்தில் ஒரு லடாக் இடையர் ஆடு மேய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். பார்த்ததை வந்து சொன்னார். பிறகுதான் அங்கே ஆட்கள் போனார்கள். பனி எல்லாவற்றையும் அப்படியே வைத்திருந்தது. குழியில் துப்பாக்கியைப் பிடித்தபடியே இருந்தார்கள். மோர்ட்டார் பிரிவில் ஆயிரம் குண்டு இருந்ததாம், மிச்சம் இருந்தது ஏழு. அந்த ஏழும் போடுவதற்குத் தயாராக எடுத்து வைத்திருந்தது. காயத்துக்கு மருந்து கட்டுகிற நர்சிங் அசிஸ்டெண்ட் தரம்பால் சிங் கையில் ஊசியும் பேண்டேஜும் இருந்தன.

சகோதரி கேட்கலாம், "எல்லாரும் ஒரே வட்டாரத்துக்காரங்க, மாமன் மச்சான் முறைக்காரங்க, அது உறவுப் பாசம்தானே, தோழமை எங்கே?" நல்ல கேள்வி. தரம்பால் சிங் அந்தக் கம்பெனி ஆளே இல்லைம்மா. மருத்துவப் படையிலிருந்து வந்தவர். ஷைத்தான் சிங் வேற சாதி, வேற ஊர், வேற பேச்சு. கூட இருந்து, கூடத் தின்று, கூடக் குளிரில் நடுங்கினதாலே வந்த சொந்தம் அது.

ஷைத்தான் சிங்குக்குப் பரமவீர சக்கரம். கம்பெனியில் எட்டுப் பேருக்கு வீர சக்கரம். சுஷூல் பக்கத்து நினைவுத் தூணில் 114 பேர். 2021 நவம்பர் 18-ஆம் தேதி அந்த இடத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள். பெயர் எல்லாம் கல்லில் இருக்கிறது. நம்பப்படாமல் ஊருக்குத் திரும்பினவனுக்கு அந்த மூணு மாசத்தை யார் திருப்பித் தருவது?

வள்ளுவரை விட்டுட்டுப் போனால் நடுவர் கோவிச்சுக்குவார். பொருட்பாலில் 78-ஆவது அதிகாரம் படைச்செருக்கு. வீரத்தைப் பற்றி எழுதி முடிச்சுட்டார். அடுத்த அதிகாரம், 79, என்ன தலைப்பு? சொல்லுங்க, சொல்லுங்க, சத்தமா! (அரங்கத்திலிருந்து: நட்பு!) நட்பு! எங்க அணிக்கு வேற சாட்சி வேணுமா? (கைதட்டல்)

நடுவர்: ஏன்யா, தீ நட்பு, கூடா நட்புன்னு அதுக்கப்புறம் ரெண்டு அதிகாரம் இருக்கே, அதையும் சொல்லு. (சிரிப்பு)

அது எதிரணிக்குங்க. (பலத்த சிரிப்பு)

இப்போ நான் ஒரு சொந்தக் கதை சொல்லணும். இதைச் சொல்லத்தான் இந்த அணியைக் கேட்டு வாங்கினேன். எங்க பெரியப்பா பட்டாளத்துக்காரர். வேற ரெஜிமெண்ட். 1962-லே வடகிழக்கு எல்லையில் இருந்தவர். ரிட்டயர் ஆகி ஊரோடு வந்துட்டார். அவருக்கு ஒரு பழக்கம். சாப்பாட்டுக்கு உட்காரும்போது, "எல்லாரும் வந்தாச்சா?" என்பார். தலையை எண்ணுவார். ஒரு ஆள் குறைந்தாலும் சோற்றில் கை வைக்க மாட்டார். நாங்க பிள்ளைங்க எல்லாம் அவர் மாதிரியே விரலை நீட்டி எண்ணிக் காட்டிச் சிரிப்போம். நான்தான் அதில் கெட்டிக்காரன்.

எங்க அக்கா கல்யாணம். பந்தி நடக்குது. இவர் பந்தி முனையில் நின்றுகொண்டு எண்ணுகிறார். மாப்பிள்ளை வீட்டார் முகம் மாறிப்போச்சு, இலைக்குக் கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். எங்க அப்பா கோபத்தில், "அண்ணே, இது என்ன பட்டாளமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுட்டார். பெரியப்பா சாப்பிடாமல் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துட்டார். அம்மா என்னிடம் இலைச்சோறு கொடுத்து அனுப்பினாங்க. எனக்குப் பதினாலு வயசு. அன்றைக்குத்தான் சொன்னார்.

"பத்துப் பேருடா நாங்க. பின்வாங்கச் சொல்லி உத்தரவு. ராத்திரி முழுக்கக் காட்டுக்குள்ள நடந்தோம். ஒவ்வொரு எடத்துல நிக்கும்போதும் நான் எண்ணுவேன். பத்து. பத்து. மறுபடி எண்ணினா ஒம்பது. விடிஞ்சப்போ ஏழு. திரும்பிப் போய்ப் பாக்கணும்னு கேட்டேன். விடலை. அதுலேர்ந்து எண்ணிக்கிட்டே இருக்கேன். ஒருநாளாச்சும் சரியா வராதாங்கிற மாதிரி இருக்கு."

நான் அதற்கப்புறம் அவரைப் போல நடித்துக் காட்டியதில்லை. அவர் 1998-லே போய்ச் சேர்ந்தார். சாவுக்கு வந்த கூட்டத்தை நான் எண்ணினேன்.

(சிறிது அமைதி)

மணி எடுத்துட்டீங்க. இதோ முடிச்சுடறேன். 1984-லே சியாச்சின் பனிமலையில் நம்ம படை ஏறினது. அந்த மே மாசம் 29-ஆம் தேதி, 19-ஆவது குமாவோன் பட்டாலியன் வீரர்கள் ஒரு குழுவாகப் போனபோது பனிச்சரிவில் சிக்கினார்கள். சிலருடைய உடல் கிடைக்கவே இல்லை. அதில் ஒருவர் லான்ஸ் நாயக் சந்திரசேகர் ஹர்போலா. வீட்டில் இளம் மனைவி, சின்னப் பிள்ளைகள். முப்பத்தெட்டு வருஷம். 2022 ஆகஸ்டில் அங்கே ரோந்து போன வீரர்களுக்கு ஒரு பழைய பதுங்குகுழியில் அவர் கிடைத்தார். ராணுவ எண் பொறித்த சின்ன உலோகத் தகடு ஒன்று இருந்தது. அதை வைத்துத்தான் இன்னார் என்று கண்டுபிடித்தார்கள். கொடி போர்த்தி, உத்தரகண்டில் ஹல்துவானி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

காலையில் பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். என்னை அறியாமல் வாய்விட்டே சொல்லிட்டேன். "பெரியப்பா, ஒருத்தர் வந்தாச்சு."